அம்மனுக்கு விட்ட முடி

மார்ச் 4, திங்கள்

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். புதுக் கொப்பி. எல்சி மிஸ் கொடுத்தது. "ரோசம்மாளே, தினந்தோறும் எழுதுவாயாக, எழுத்து உன்னைவிட்டு அகலாதிருக்கும்" என்றார். இரண்டாம் வகுப்போடு அகன்று போனதை இந்த வயதில் பிடித்து இழுத்து வரப் பார்க்கிறார். சரி, எழுதுவோம். முதலில் எங்களைப் பற்றி.

மிஸ் இங்கிலாந்தில் இருந்து வந்தவர். தமிழை வேதப்புத்தகத்தை வைத்தே படித்தாராம். உப்புக் கேட்டாலும் பிரசங்கம் மாதிரி இருக்கும். மஹய்யாவையில் முனிசிபல் வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்காக இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறார். பெரிய மிஷன் பள்ளிக்கூடங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இதை எடுக்கவில்லை. தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு குசினி, குசினியில் சமைக்க நான். யார் கேட்பார்கள்?

படிப்பிக்க இன்னொருவர், சின்னத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணம். பெயர் நீளம், பென்சில் கட்டை. இனி மாஸ்டர்.

இன்று கட்டுகஸ்தோட்டைக்குச் சாமான் வாங்கப் போனது. பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன்.

வாங்கியது: பருப்பு, நெத்தலிக் கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், செத்தல் மிளகாய்.
மறந்தது: உப்பு.

மாதத்தின் முதல் திங்கள் பள்ளிக்கூடத்தில் பேன் நாள். பிள்ளைகளின் தலையைப் பிடிப்பது என் வேலை. கருவாடு தீர்ந்துவிட்டதால், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மிஸ் என்னை அனுப்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பினேன். குசினி முழுக்க மயிர் கருகிய நாற்றம். "மிஸ், இன்னைக்கு யாரைத் தூக்கி அடுப்புல வச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

அடுப்படி வாங்குப் பலகையில் செல்வராணி. மூன்றாம் வகுப்பு. தலையில் மிஸ்ஸின் நீலக் கைக்குட்டை கட்டியிருந்தது. கைக்குட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"யாருடி வெட்டுனது?"

"மிஸ்."

"நீ ஒன்னும் சொல்லலையா?"

"மிஸ் ஒக்காருன்னாங்க. ஒக்காந்தேன்."

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அவள் தலையில் புண்கள் பெருகியிருந்தன, ரோசம்மாளே. சீழும் உண்டாயிருந்தது. நான் எல்லாவற்றையும் கத்தரித்து அக்கினியில் போட்டேன்."

அது அம்மனுக்கு விட்ட முடி.

செல்வராணி காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது அவள் அம்மா தங்கம்மா லயத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் கத்தரி படாமல் முடி வளர்த்து, பங்குனித் திருவிழாவில் கோயில் வாசலில் இறக்குவதாக. பங்குனி இதோ வரப்போகிறது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பேன் நாளில் அந்தத் தலைக்கு மட்டும் நான் மண்ணெண்ணெய் தடவி அனுப்பிவிடுவேன். மிஸ் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காததை நான் சொன்னதில்லை.

அடுப்பைக் கிளறிப் பார்த்தேன். சாம்பலோடு சாம்பல்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். தங்கம்மா பைப்படியில் நின்றாள். கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "முடி எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். செல்வராணிதான் சொன்னாள்: "அடுப்புல போட்டுட்டாங்கம்மா."

தங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாளி நிறைந்து வழிந்தது. பைப்பை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. சோறு மிஞ்சியது.

கேற்றடியில் வீரையா, செல்வராணியின் அப்பா. தெருக்கூட்டும் வேலைக்குப் போகிற வழியில், விளக்குமாறு கையோடு. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"படிக்கத்தான் அனுப்புனோம், ரோசக்கா. மொட்டை போடவா அனுப்புனோம்?"

"தெரியாம நடந்துபோச்சு வீரையா. மிஸ்ஸுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்?"

"ஒனக்குத் தெரியுமில்ல?"

விளக்குமாற்றால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மிஸ் ஓடி வந்தார். "நான் அறியாமல் செய்தேன், ஐயா" என்றார். வீரையா அவர் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தே சொன்னான். "கொழும்புல எங்க அக்கா ஒரு வீட்டுல வேலை செய்யுது. பிள்ளைய அனுப்பு, எனக்கு ஒத்தாசையா இருக்கும்னு ரொம்ப நாளாக் கேக்குது. நான்தான் படிக்கட்டும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போயிரும்."

"அவள் குழந்தையல்லவா?" என்றார் மிஸ்.

"எங்க பிள்ளைங்க சீக்கிரம் பெருசாயிரும் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதே லயத்தில் இருந்து போன ஒருத்தி தீபாவளிக்கு வந்தாள். இங்கே இருந்தபோது எனக்கே கணக்குச் சொல்லித் தந்து கேலி செய்தவள். "என்னாடி, ஏழாம் வாய்ப்பாடு ஞாபகம் இருக்கா?" என்றேன். "இல்லீங்க" என்றாள். என்னைப் போய் 'இல்லீங்க' என்கிறாள். கண்ணை நிமிர்த்தவே இல்லை.

செல்வராணி அப்படி ஆகக்கூடாது. அவ்வளவுதான் இன்றைக்கு.

மார்ச் 6, புதன்

பிள்ளைகள்: ஒருவரும் இல்லை.

மிஸ் வழக்கம் போல் மணியை அடித்தார். வெறும் வாங்குகளுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். பலகையில் தேதியும் எழுதினார். யாருக்கு?

ரொட்டி விற்கிற பாண்காரன் சைக்கிளை நிறுத்தி, "என்னாங்கக்கா, மொட்டை அடிச்சு வேதத்துல சேக்குறாங்களாம்ல? அடுத்தது பேரை மாத்துவாங்களாம்" என்றான். "ஆமாப்பா, ஒனக்கு யோசேப்புன்னு வைக்கச் சொல்லிருக்கேன். நாளைக்கு ரெண்டு றாத்தல் பாண் இனாமாக் கொண்டுவா" என்றேன். சிரித்தான். போய் அதையும் நிஜம் என்று சொல்லியிருப்பான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா எனக்கு.

மாஸ்டருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள் எதற்குக் குடை என்று கேட்டால் ஒழுகுகிற கூரையைக் காட்டுவார்.

"ரோசம்மா, உந்தச் சனம் எப்ப திருந்தப் போகுது? தலையில புண். வெட்டினதில என்ன பிழை?"

"பிழை வெட்டுனதுல இல்லீங்க மாஸ்டர். கேக்காம வெட்டுனதுல."

"கேட்டா விடுவினமே?"

"விடமாட்டாங்கதான்."

"பிறகென்ன!" என்று தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போட மறந்திருந்தேன். அதையும் கவனிக்கவில்லை. அவருக்கும் மனம் சரியில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் மிஸ் குசினிக்கு வந்து மணைக்கட்டையில் உட்கார்ந்தார். "இதற்குப் பரிகாரம் உண்டா?"

உண்டு என்றேன். நான் பிறந்த ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலும் இதேதான், இங்கேயும் இதேதான். தட்டில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, சூடம். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, விழுந்து தப்புக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் அதைப் பேசக்கூடாது.

மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே வெளுத்த முகம், இன்னும் வெளுக்க இடம் இருந்திருக்கிறது.

"அது விக்கிரகத்துக்குச் செய்யும் ஆராதனை."

"ஆமாங்க."

"நான் அதைச் செய்யக்கூடாது, ரோசம்மாளே. அதற்காகவா நான் கடலைக் கடந்து வந்தேன்?"

வெங்காயம் உரித்தேன். ஒருவரும் சாப்பிட வராத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வெங்காயம் என்று பாதியில்தான் யோசனை வந்தது.

மார்ச் 7, வியாழன்

காலையில் தூறல். செல்வராணியின் சிலேட்டும் குச்சியும் இங்கே கிடந்தன. கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் லயத்துக்குப் போனேன்.

பைப்படியில் பெண்கள். பேச்சு நின்றது. ஒருத்தி தொடங்கினாள்: "வேதக்காரம்மா வந்துட்டாங்க. அடுத்த மொட்டை யாருக்கு, ரோசக்கா?"

"ஒனக்குத்தான்டி. ஒன் புருசனே வந்து சொல்லிட்டுப் போனான், சோத்துல முடி கெடக்குதாம்."

இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு வெளியே வரவில்லை, ஆனால் வழி விட்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் இந்த அம்மனுக்குச் சூடம் கொளுத்தியவள்தான். கலியாணத்தோடு வேதத்துக்கு வந்தேன். புருஷன் போய்ச் சேர்ந்தார், வேதம் என்னோடு தங்கிவிட்டது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் என்மேல் கோபம் கூடுதல்.

தங்கம்மா கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே செல்வராணி. என்னைக் கண்டதும், "ஆயா, இன்னைக்கு என்னா கறி?" என்றாள். பருப்பு என்றேன். "கருவாடு இல்லியா?" பிள்ளைக்கு ஒன்றும் பெரிதாக விளங்கவில்லை. சிலேட்டை வாங்கித் தன் தம்பியின் முன்னால் உட்கார்ந்து, "கையக் கட்டு. வாயப் பொத்து" என்று மாஸ்டர் மாதிரியே அதட்டத் தொடங்கினாள்.

"மிஸ் மேல கோவமா, தங்கம்மா?"

"கோவம் இல்லக்கா. பயம். பிள்ளையத் திருப்பிக் குடுத்தா தர்றேன்னு சொல்லி வாங்கிட்டேன். இப்ப தர்றதுக்கு ஒன்னும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் அடுப்புல போட்டுப் பொசுக்கி. பிணத்தப் போடுற மாதிரி."

கொழும்புப் பேச்சை எடுத்தேன். "அவரு முடிவு பண்ணிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் கொடிக்கயிற்றில் செல்வராணியின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, நீலம் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

கொழும்பில் அடுப்பு ஊதப் போகிற பிள்ளைக்கு இதைத் துவைப்பானேன்? கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் போல் இருந்தது. அவள் அழுதால் நானும்.

மார்ச் 8, வெள்ளி

வெயில். மிஸ் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "நான் அந்தத் தாயினிடத்தில் போவேன். மனுஷிக்கு விரோதமாய்ச் செய்ததை மனுஷியினிடத்தில் கேட்பது பாவமாகாது." நானும் கூடப் போனேன்.

தங்கம்மா வீட்டு வாசலில் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். எந்தக் கோபத்திலும் கதிரை போடாமல் விடமாட்டார்கள் எங்கள் ஆட்கள். மிஸ் அதில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரி தரையில் உட்கார்ந்ததைப் பார்க்க லயமே கூடிவிட்டது.

"தங்கம்மாளே, உன் பிள்ளையின் முடியை உன்னைக் கேளாமல் கத்தரித்தேன். எனக்கு மன்னிப்பாயாக."

தங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூசாரி வந்தார். பகலில் முனிசிபல் தோட்டத்தில் மண் கொத்துகிற மனுஷர். மண்வெட்டி தோளிலேயே இருந்தது. கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டம்.

"மிஸ், நீங்க நல்லவங்க. எங்க பிள்ளைங்களுக்குச் சோறு போட்டு எழுத்துச் சொல்லிக் குடுக்குறீங்க. ஆனா அந்த முடி தங்கம்மாவோடது இல்லீங்களே. நேந்து விட்ட அன்னைக்கே அது அம்மனோடதாப் போச்சு. தங்கம்மா அதுக்குக் காவல் மட்டுந்தான் இருந்தா. அடுத்தவங்க பொருளுக்கு இவ எப்புடி மன்னிப்புக் குடுப்பா?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

"ஞாயித்துக்கெழமை பூசை இருக்கு. தட்டோட வாங்க. வந்தா எல்லாப் பிள்ளையும் திங்கக்கெழமை ஸ்கூலுக்கு வரும், அதுக்கு நான் பொறுப்பு. வராட்டி நாங்க ஒன்னும் சொல்லப் போறதில்ல. அவங்கவங்க பாடு."

"செல்வராணி?" என்று நான் கேட்டேன்.

"அது அப்பன் பாடு."

திரும்பி வரும் வழியில் மிஸ் வேகமாக முன்னால் நடந்தார். நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 9, சனி

பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் மாஸ்டர் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று விளங்கியது. குசினியில் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்று கேட்டது:

"நீங்கள் உந்தத் தட்டைத் தூக்கினா மிஷன் சும்மா இருக்குமோ? போதகருக்கு ஆர் பதில் சொல்லுறது? இவ்வளவு காலம் நாங்கள் படிப்பிச்சது எல்லாம் ஒரு சூடத்தில போயிடும்."

"ஒரு பிள்ளை போய்விடுமே, மாஸ்டர்."

"ஒரு பிள்ளைக்காகவோ?"

பிறகு மாஸ்டரே குரல் கம்மிச் சொன்னார்: "கெட்டிக்காரப் பெட்டை. எனக்கும் தெரியும். ஆனா ஏலாது, மிஸ்."

மத்தியானம் மிஸ் என்னிடம் வந்தார். "நீ என் ஸ்தானத்தில் இருந்தால் என்ன செய்வாய்?"

"நானா? நான் ரெண்டு பக்கமும் கும்பிடு போட்டுட்டு ரெண்டு பக்கமும் பொங்கல் வாங்கித் தின்னுருவேன் மிஸ். என்கிட்டக் கேக்காதீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ பாக்கியவதி" என்றார். கேலியா நிஜமா தெரியவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை அவர் கேலி செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சாயங்காலம் லயத்துக்கு ஒரு நடை. வீரையாவின் அக்கா சரசு ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டாள். கைப்பை, பவுடர், கையில் மணிக்கூடு. செல்வராணிக்கு ஒரு பூப்போட்ட கவுன் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைக்கு அதைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கவுன் முழங்காலுக்கு மேல் நின்றது.

"மொட்டையா இருக்குறதும் நல்லதுக்குத்தான்" என்றாள். "எங்க வீட்டுக்காரம்மா, அந்த நோனாவுக்குத் தலைமுடின்னா ஆகாது. வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு மாசாமாசம் ஒட்ட வெட்டி விட்டுருவாங்க. பேன் பயம்."

நான், "அப்ப ஒங்களுக்கு மட்டும் எப்புடி இவ்வளவு பெரிய கொண்டை? சவுரியா?" என்றேன். முறைத்தாள். சவுரிதான்.

தங்கம்மா அடுப்படியில் இருந்து எழுந்து வந்து, "மாசாமாசமா மதினி?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." திரும்பிப் போய் ரொட்டியைப் புரட்டினாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

நாளைக்குப் பூசை முடிந்ததும் கொழும்பு ரயில். பிள்ளை கேட்கிறாள், "ரயில்ல யன்னல் பக்கம் உக்காரலாமா அத்தை?" என்று.

மார்ச் 10, ஞாயிறு

இன்றைக்கு எழுத்துக் கோணலாகத்தான் வரும்.

காலையில் கோயில், எங்கள் வேதக் கோயில். போதகர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். மிஸ் கண்ணை மூடியே இருந்தார். முடிந்ததும் நேரே குசினிக்கு வந்து, "பித்தளைத் தட்டு எங்கே?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தேங்காய் வைத்தார். வெற்றிலை, பாக்கு வைத்தார். சூடத்தை நான் நீட்டினேன். வாங்கவில்லை.

"இது கூடாது. மற்றதெல்லாம் மரியாதை. இது மட்டும் ஆராதனை."

"சூடம் இல்லாமத் தட்டு செல்லாதுங்க."

"தெரியும். வா."

லயத்துக் கோயில் சின்னது. தகரக் கொட்டகை, உள்ளே அம்மன், முன்னால் சாணி மெழுகிய வாசல். பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் மிஸ்ஸைக் கண்டதும் நிறுத்தினார்கள். மிஸ் செருப்பைக் கழற்றினார். அந்தக் கால் எவ்வளவு சிவப்பு. மாஸ்டர் வரமாட்டேன் என்று சொன்னவர், ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழையும் இல்லை வெயிலும் இல்லை.

பூசாரி தட்டைப் பார்த்தார். "சூடம்?"

"அதை நான் கொளுத்தமாட்டேன், ஐயா. என் தேவனுக்கும் நான் வாக்குக் கொடுத்தவள். உங்கள் தங்கம்மாளைப் போல."

கூட்டத்தில் இரைச்சல். "பாத்தீங்களா, அப்பவும் விட்டுக் குடுக்கல." "வந்ததே பெருசு, விடுங்கப்பா." "வந்து என்னா, சூடம் எங்க?" சரசு மணிக்கூட்டைப் பார்த்து, "தம்பி, ரயிலு நமக்காக நிக்காது" என்றாள். வீரையா செல்வராணியின் கையைப் பிடித்தான். பூப்போட்ட கவுன். காலில் அத்தை வாங்கிவந்த சப்பாத்து, பெரிது, நடந்தால் கழன்றது.

மிஸ் தட்டைக் கீழே வைத்து, வாசலில் முழங்கால் போட்டார். யாரை நோக்கி என்று தெரியாமல் எல்லோரும் பார்த்தார்கள். அப்போது தங்கம்மா கூட்டத்தில் இருந்து வந்து மிஸ்ஸுக்கு எதிரே நின்றாள். சரியாக அம்மனின் கதவுக்கு முன்னால். அவள் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

மிஸ் சொன்னார்: "அறியாமல் செய்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்." வேதப்புத்தகம் எல்லாம் எங்கே போயிற்றோ. எங்களை மாதிரியே பேசினார்.

பூசாரி அதிக நேரம் யோசித்தார். தேங்காயை எடுத்து உடைத்தார். இரண்டு பாதியும் நன்றாக விழுந்தன. கோயிலில் இருந்த சூடத்தைத் தன் கையாலேயே ஏற்றினார்.

"தப்புக் கேட்டாச்சு. நாளைக்குப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகலாம்" என்றார். பிறகு தங்கம்மாவைப் பார்த்தார். "ஆனா நேத்திக்கடன் அப்புடியே நிக்குது. முடிக்கு என்னா வழி?"

வீரையா பிள்ளையை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான். சப்பாத்து ஒன்று கழன்று விழுந்தது. பிள்ளை குனிந்தாள்.

"நில்லுங்க" என்றாள் தங்கம்மா.

தங்கம்மா நாலு பேர் முன்னால் பேசி நான் கேட்டதே இல்லை. புருஷனின் பேரைச் சொல்லவே வெட்கப்படுகிறவள்.

"முடி திரும்ப வளரணும் சாமி. அதே நீளத்துக்கு. கத்தரி படக்கூடாது. கொழும்புல மாசாமாசம் ஒட்ட வெட்டுவாங்களாம். மதினி வாயாலயே நேத்துச் சொன்னாங்க. ரோசக்காவும் கேட்டாங்க. அங்க போனா அம்மன் கடனை எப்புடிக் குடுக்குறது?"

"வெட்ட வேணாம்னு நான் நோனாகிட்டச் சொல்றேன்" என்றாள் சரசு.

"ஒங்க பேச்சக் கேப்பாங்களா மதினி?"

சரசு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அந்த மூடின வாயே சொல்லிவிட்டது. முதல் தடவையாக அவள்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

"வெட்டுன கையே வளத்துக் குடுக்கட்டும்" என்றாள் தங்கம்மா. "மிஸ்ஸே தெனமும் எண்ணெ வச்சு, சீவி, பேன் பாத்து, புண்ணு ஆத்தி விடட்டும். முடி எறக்குற அன்னைக்கு இந்த வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விடட்டும். அது வரைக்கும் பிள்ளை எங்கயும் போகக்கூடாது."

வீரையா அவளைப் பார்த்த பார்வை! கோபமா, பயமா, என்ன இவள் என்கிற திகைப்பா. பூசாரியைப் பார்த்தான். பூசாரி தாடியைத் தடவினார். அம்மன் பேரில் சொன்னதை அவரால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

"சரிதான். என்னாங்க மிஸ், ஒத்துக்குறீங்களா? ஒரு வருசத்துல முடியுற காரியம் இல்ல."

மிஸ் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வருகிற ஆனியில் மிஸ்ஸுக்கு ஊருக்குக் கப்பல். வருஷக்கணக்காகக் காத்திருந்த லீவு. வயதான அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பார்க்க. போனால் திரும்ப அனுப்புவார்களா என்பதே சந்தேகம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

ஒத்துக்கொள்ள மாட்டாரா என்றும் எனக்கு இருந்தது, ஒத்துக்கொண்டுவிடுவாரே என்றும் இருந்தது.

மிஸ் நிமிர்ந்து செல்வராணியைப் பார்த்தார். பிள்ளை ஒரு காலில் சப்பாத்தோடும் ஒரு கால் வெறுமையாகவும் நின்று காதைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"வளர்க்கிறேன்" என்றார்.

வீரையா கையை விட்டான்.

சரசு கவுனை அங்கேயே கழற்றி வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். சப்பாத்தையும். பிள்ளை உள்பாவாடையோடு வீட்டுக்கு ஓடினாள். தங்கம்மா என்னைக் கடந்து போகும்போது, "அக்கா, நான் பேசுனது தப்பா?" என்று கேட்டாள். நானும் சிரித்து அவளும் சிரித்து, பிறகு இரண்டு பேரும் கோயில் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினோம்.

ரோட்டில் மாஸ்டர் குடையை மடித்துவிட்டு, "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னேன். "போதகருக்கு இதுக்கிடையில ஆரும் சொல்லியிருப்பினம்" என்றார். பிறகு, "பெட்டை நாளைக்கு வருவாளோ?" என்றார்.

மார்ச் 11, திங்கள்

நல்ல வெயில். பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. இரண்டு வாளி பருப்பு.

வேண்டியது: உப்பு, தேங்காய் எண்ணெய் (பெரிய போத்தல்), நெருக்குச் சீப்பு.

செல்வராணி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக வந்து குசினி வாங்கில் உட்கார்ந்தாள். மிஸ் கையைக் கழுவினார். புண்ணுக்கு மருந்து. பிறகு எண்ணெய். பிறகு சீப்பை எடுத்து அந்த மொட்டைத் தலையை முன்னால் இருந்து பின்னால் மெதுவாகச் சீவினார். சீவுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? சொன்ன சொல்லுக்குச் சீவுகிறார்.

"மிஸ், வகிடு கோணலா இருக்கு" என்றேன்.

பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அசையாதே" என்றார் மிஸ். அவருக்கும் உதடு துடித்தது.

"எப்ப மிஸ் வளரும்?"

மிஸ் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

அந்த நேரம் கேற்றடியில் கார். மாஸ்டர் குசினி வாசலுக்கு வந்து மெதுவாக, "மிஸ், போதகர் வந்திருக்கிறார். முகம் சரியில்லை. உடன வரட்டாம்" என்றார்.

மிஸ் சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"இருக்கச் சொல்லுங்க மாஸ்டர். பின்பக்கம் பாக்கி இருக்கு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். போதகருக்குக் கொடுக்க நல்ல கோப்பை எது?